தற்கொலையும் கிராமச் சுகாதாரமும்



முதுமையால் இறந்தவரின் வீட்டுக்குச் சென்றால் அவரது வாழ்வைப் பற்றி உரக்கப் பேசுகின்றோம். நோயால் இறந்தவரின் வீட்டில் வைத்தியம் எவ்வாறு நடந்தது என்று விசாரிக்கின்றோம். தம் கையாலேயே உயிரை மாய்த்துக்கொண்டவரின் வீட்டிலோ, வாசலில் நின்று தாழ்ந்த குரலில் இரண்டொரு வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகின்றோம். அம்மௌனத்தில் இரக்கமும் உண்டு, அச்சமும் உண்டு. ஆயினும், ஒரு நாட்டின் கிராமங்களில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் இவ்வாறு இறக்கும்பொழுது, அதனைத் தனித்தனிக் குடும்பங்களின் துயரம் என்று மட்டும் கருதிப் பேசாதிருத்தல் தகாது. ஒரு பெருநோய் ஊருக்குள் புகுந்தால் எவ்வாறு கணக்கெடுத்து, காரணம் ஆராய்ந்து, பரிகாரம் தேடுவோமோ, அவ்வாறே இதனையும் நோக்குதல் வேண்டும்.

1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் இத்தீவைப் பிடித்த மலேரியாக் காய்ச்சல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டு சென்றது. காய்ச்சலைத் தெய்வ குற்றமென்றும் விதியென்றும் கருதும் வழக்கம் நம் கிராமங்களில் நெடுங்காலம் இருந்தது. அந்த எண்ணத்தால் நோய் அடங்கவில்லை. நுளம்பு எங்கே பெருகுகின்றது, எந்தப் பருவத்தில் காய்ச்சல் கூடுகின்றது, எந்த ஊருக்கு மருந்து சென்று சேரவில்லை என்று ஆராய்ந்து வேலை செய்தமையாலேயே அது அடங்கியது. 2016ஆம் ஆண்டில் இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார தாபனம் சான்றளித்தது. தற்கொலை மலேரியாவைப் போன்றதொரு நோயன்று. எனினும் அதற்கும் ஊர் உண்டு, பருவம் உண்டு, கருவி உண்டு. ஆகையால் தடுக்கும் வழியும் உண்டு. இதற்கு நம் நாட்டின் வரலாறே சான்றாகும்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். 1950ஆம் ஆண்டில் இலங்கையில் ஒரு இலட்சம் மக்களுக்கு ஏறத்தாழ 6 அல்லது 7 பேர் தற்கொலையால் இறந்தனர். அது பெரிய தொகையன்று. பின்னர் இவ்வீதம் ஆண்டுக்காண்டு ஏறியது. 1995ஆம் ஆண்டில் ஒரு இலட்சத்துக்கு 47 என்னும் உச்சத்தை எட்டியது. அக்காலத்தில் உலகிலே மிக உயர்ந்த வீதங்களுள் அதுவும் ஒன்று. அவ்வொரு வருடத்தில் மாத்திரம் 8,000க்கும் அதிகமானோர் மாண்டனர். இவர்களுட் பெரும்பாலோர் கிராமவாசிகள், பலர் இளைஞர். இதன் பின் ஓர் அதிசயம் நிகழ்ந்தது. பத்தாண்டுகளுள் அவ்வீதம் பாதியாகக் குறைந்தது. மேலும் பத்தாண்டுகளில் உச்சத்திலிருந்து நூற்றுக்கு 70 பங்கு வரை வீழ்ந்தது. இவ்வளவு விரைவான வீழ்ச்சியை உலகில் மிகச் சில நாடுகளே கண்டிருக்கின்றன.

ஏன் ஏறியது? ஏன் இறங்கியது? இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை பெரும்பகுதி ஒன்றுதான்.

ஏறிய காலம் எது என்று நோக்குங்கள். புதிய நெல்லினங்கள், செயற்கை உரம், பூச்சிநாசினி ஆகியன நம் வயல்களுக்கு வந்த காலம் அது. வரண்ட வலயத்திலே குளங்களைப் புதுக்கி, காடுகளை வெட்டி, குடியேற்றத் திட்டங்கள் அமைத்தோம். யாழ்ப்பாணத்துத் தோட்டங்களில் வெங்காயமும் மிளகாயும் செழித்தன. விளைச்சல் பெருகியது; அந்நன்மையை எவரும் மறுத்தற்கில்லை. ஆனால் அதனோடு கூட, முன்னொருபோதும் இல்லாத கொடிய நஞ்சு ஒவ்வொரு கமக்காரரின் வீட்டுக்குள்ளும் வந்து தங்கியது. அதற்கு நாம் இட்ட பெயரையும் கவனியுங்கள். வயலுக்கு ‘மருந்து’ அடிக்கின்றோம் என்கின்றோம். கடையில் ‘மருந்து’ வாங்குகின்றோம் என்கின்றோம். கொல்லும் பொருளை நோய் தீர்க்கும் பொருளின் பெயராலேயே அழைத்து, அதனோடு பழகி, அதன் அபாயத்தை மறந்தோம்.

இக்காலத்தில் கிராமத்து மக்களின் மனத்துயரம் முன்னிருந்ததைவிட ஏழு மடங்கு பெருகியது என்று கூற இடமில்லை. கணவன் மனைவிக்கிடையே சச்சரவு, தந்தை மகன் பிணக்கு, பெற்றோர் ஒப்பாத காதல், மதுவால் வந்த கேடு, அறவிட முடியாத கடன், பயிரழிவு என்னும் துன்பங்கள் அன்றும் இருந்தன. மாறியது யாதெனில், அத்துன்பம் பொங்கி எழும் நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த பொருளாகும்.

‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்பது நம்மவர் பழமொழி. அதில் உள்ள உண்மையை வைத்தியர்களின் ஆராய்ச்சியும் காட்டுகின்றது. அநுராதபுரம் முதலிய இடங்களின் வைத்தியசாலைகளில் உயிர் தப்பியவர்களிடம் பரிவோடு விசாரித்தபொழுது, அவர்களுட் பலர் அம்முடிவைப் பற்றி அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே எண்ணியிருந்தனர் என்பது தெரிய வந்தது. நெடுநாள் திட்டமிட்டுச் செய்தவர் சிலரே. இறக்கவேண்டும் என்னும் உறுதியைக் காட்டிலும், அவ்வேளையின் அவமானத்தையும் கோபத்தையும் தாங்க இயலாமையே மிகுந்திருந்தது. சிலருக்கு, தம் துயரத்தை வீட்டார் அறியவேண்டும் என்பதே உள்ளக்கிடக்கை. இத்தகைய வேளை நகரத்தில் வாழ்வோருக்கும் வரும். செல்வம் மிகுந்த நாடுகளிலும் வரும். அங்கே அவர்கள் நாடும் பொருள் பெரும்பாலும் உயிரைக் கொல்வதில்லை. வைத்தியசாலையும் அண்மையில் இருக்கும். ஆகவே பிழைத்துக்கொள்கின்றனர். நம் கிராமத்திலோ அதே கோபம், அதே அரை மணி நேரம், மரணத்தில் முடிந்தது. மனத்தின் வேறுபாட்டால் அன்றி, பொருளின் வேறுபாட்டாலும் வைத்தியசாலையின் தூரத்தாலுமே அவ்வுயிர்கள் போயின.

இதனை உணர்ந்தவர்கள் எடுத்த நடவடிக்கை மிக எளியது. 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்படி பூச்சிநாசினிகளைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் அரசாங்கத்துக்குக் கிடைத்தது. அதற்கெனப் பீடைகொல்லிப் பதிவாளர் ஒருவரும் நியமிக்கப்பட்டார். மனித உயிருக்கு மிகக் கொடியவை எவை என்று ஆராய்ந்து, அவற்றை ஒவ்வொன்றாக நாட்டுக்குள் வராது தடுக்கும் வேலை 1984ஆம் ஆண்டில் தொடங்கியது. உலக சுகாதார தாபனம் முதல் வகுப்பில் வைத்துள்ள மிகக் கொடிய நாசினிகளுள் எஞ்சியிருந்தவை 1995ஆம் ஆண்டளவில் நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்தைப் பிடித்த வேறொன்று 1998ஆம் ஆண்டில் தடைசெய்யப்பட்டது. பின்னர் 2008ஆம் ஆண்டு முதல் 2011ஆம் ஆண்டு வரையில் மேலும் மூன்று படிப்படியாக விலக்கப்பட்டன. ஒவ்வொரு தடையின் பின்னும் மரண வீதம் இறங்கியதை ஆராய்ச்சியாளர்கள் கண்டனர். 1986 முதல் 1995 வரையுள்ள பத்தாண்டுகளோடு ஒப்பிட, 1996 முதல் 2005 வரையுள்ள பத்தாண்டுகளில் 19,769 தற்கொலை மரணங்கள் குறைந்திருந்தன. 1995 தொடக்கம் 2015 வரையுள்ள இருபது ஆண்டுகளில் தப்பிய உயிர்கள் ஏறத்தாழ 93,000 என்பது ஆராய்ச்சியாளரின் மதிப்பீடு. ஒரு பெரிய நகரத்தின் சனத்தொகைக்கு ஈடான மக்கள் இன்று நம்மிடையே நடமாடுகின்றனர். அவர்களுக்கே தாம் காப்பாற்றப்பட்டோம் என்பது தெரியாது. ஏதோ ஒரு மாலையில் வீட்டில் நடந்த சச்சரவு, ஒரு கிழமை வைத்தியசாலையில் கிடந்தமை, பின்னர் மணம், பிள்ளைகள், வேளாண்மை என்று அவர்களது வாழ்வு தொடர்ந்து செல்கின்றது.

இவ்விடத்தில் இரண்டு ஆட்சேபங்கள் எழலாம்.

முதலாவது: ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடமாட்டார்களா? இது நியாயமான கேள்வி. சிலர் தேடியது உண்மை. வேறு வழிகளால் நேர்ந்த மரணங்கள் ஓரளவு கூடின. எனினும் மொத்தத் தொகை பெரிதும் வீழ்ந்தது. கோபத்தின் வேகம் தணிய நேரம் கிடைத்தால், பெரும்பாலோர் மறுபடி அவ்வழியை நாடுவதில்லை. வைத்தியசாலையிலிருந்து உயிரோடு திரும்பியவர்களுட் பெரும்பாலோர் பிற்காலத்தில் தற்கொலையால் இறப்பதில்லை என்பது பல நாடுகளிலும் கண்ட உண்மை. சாக விரும்புபவனை எவராலும் தடுக்க முடியாது என்னும் பேச்சு, ஆகவே, உண்மைக்கு மாறானது. தீங்கான பேச்சுங்கூட; ஏனெனில் அது நம் கைகளைக் கட்டிப்போடுகின்றது.

இரண்டாவது: கொடிய நாசினியைத் தடுத்தால் பயிர் என்னாவது? நெல் விளைச்சற் கணக்கை ஆராய்ந்தவர்கள், இத்தடைகளால் விளைச்சல் குறையவில்லை என்று காட்டினர். ஏனெனில் அங்கே எல்லாவற்றையும் ஒருமிக்க நிறுத்தவில்லை. மிகக் கொடியதை விலக்கி, அதன் இடத்துக்குக் கொடுமை குறைந்ததை விட்டனர். கமக்காரருக்குப் பழகிக்கொள்ள அவகாசமும் கொடுத்தனர். 2021ஆம் ஆண்டில் செயற்கை உரமும் விவசாய இரசாயனங்களும் ஒரே கட்டளையால் தடுக்கப்பட்டதையும், சில மாதங்களில் அக்கட்டளை திரும்பப் பெறப்பட்டதையும், அடுத்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் வீழ்ந்ததையும் நாம் அறிவோம். அதனையும் இதனையும் ஒன்றாக எண்ணலாகாது. தெரிந்தெடுத்து, படிப்படியாகச் செய்த காரியம் உயிரையும் காத்தது, வயலையும் காத்தது. பிற்காலத்தில் வங்காளதேசமும் தென்கொரியாவும் கொடிய நாசினிகளைத் தடுத்து இத்தகைய பயனையே கண்டன.

வேறொரு முயற்சியையும் சொல்லவேண்டும். நஞ்சை வீட்டில் பூட்டி வைத்தால் போதுமல்லவா என்று பலர் எண்ணினர். அதனைச் சோதிப்பதற்கு, வட மத்திய மாகாணத்துக் கிராமங்கள் 180இல், ஐம்பதினாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளை உள்ளடக்கி ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பாதிக் கிராமங்களுக்குப் பூட்டுடன் கூடிய பெட்டிகள் கொடுக்கப்பட்டன. 2017ஆம் ஆண்டில் வெளியான முடிவு, இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை என்பதே. இம்முடிவு நமக்கு ஒரு பாடம். பெட்டிக்குத் திறப்பு வீட்டிலேதான் இருக்கின்றது. ஆத்திரம் வருபவரும் அவ்வீட்டாரே. சிறுபிள்ளைகளின் பொருட்டு நாசினியைப் பூட்டி வைத்தல் இன்றும் நல்ல வழக்கமே. ஆனால் உயிர்காக்கும் பாரம் முழுவதையும் ஏழைக் கமக்காரர் வீட்டின்மேல் ஏற்றிவிட்டு, நாடு கைகழுவ முடியாது. கொடிய பொருள் ஊருக்குள் வராதிருக்கச் செய்வது அரசாங்கத்தின் கடமை.

சட்டத்தில் நேர்ந்த மற்றொரு மாற்றத்தை நம் கிராமத்தவர் பலர் இன்னும் அறியார். முற்காலத்தில் தற்கொலைக்கு முயல்வது தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. உயிர் தப்பியவர் கட்டிலிற் கிடக்கும்பொழுதே பொலிசாரின் விசாரணைக்கு அஞ்சவேண்டியிருந்தது. 1997ஆம் ஆண்டில் சனாதிபதி ஒரு குழுவை நியமித்து இப்பிரச்சினையை ஆராய்வித்தார். அடுத்த ஆண்டில், அதாவது 1998இல், அக்குற்றப் பிரிவு தண்டனைச் சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இன்று அது குற்றமன்று. ஆகையால், ஒருவர் ஆபத்தில் இருக்கும்பொழுது வழக்குக்கு அஞ்சி வீட்டுக்குள்ளேயே மறைத்து வைத்துக் காலம் கடத்துதல் வேண்டாம். தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுதலே செய்யத்தக்கது. வீட்டு வைத்தியம் பார்த்துக் கழிக்கும் ஒவ்வொரு நிமிடமும் நட்டமாகும்.

இதுவரை கூறியது வெற்றியின் கதை. ஆனால் அது பாதி வெற்றியே. மரணம் குறைந்ததேயன்றி, மனத்துயரம் குறைந்தது என்று கூறுவதற்கில்லை. தமக்குத் தாமே தீங்கிழைத்துக்கொண்டு வைத்தியசாலைக்கு வருவோரின் தொகை பெரிதாகவே இருக்கின்றது. அவர்களுட் பலர் இளம் வயதினர், பெண்களும் கணிசமானோர். இன்றும் இந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 3,000 பேர் தற்கொலையால் இறக்கின்றனர். அவர்களுட் பெரும் பகுதியினர் ஆண்கள். ஆண்மகன் அழலாகாது என்று நாம் சிறுவயதிலிருந்தே கற்பித்த பாடத்துக்கும், துயரத்தை மதுவில் மறக்கலாம் என்னும் வழக்கத்துக்கும் இதில் பங்குண்டு.

வடக்கிலும் கிழக்கிலும் வாழும் நமக்கு இது மேலும் நெருக்கமான விஷயம். போர் நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தற்கொலை வீதம் முன்னிருந்ததைவிடக் குறைந்திருந்ததை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் அவர்களும் அவருடன் ஆராய்ந்தவர்களும் எடுத்துக்காட்டினர். பொது ஆபத்தின்முன் மக்கள் ஒருவரையொருவர் அணைந்து நின்றமை அதற்கு ஒரு காரணமாகலாம். 2009ஆம் ஆண்டில் போர் முடிந்தபின், ஒவ்வொருவரும் தத்தம் இழப்போடு தனித்து நின்றனர். கணவனை இழந்து குடும்பம் நடத்தும் பெண்கள், வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கப்பட்ட நுண்கடனை வாங்கி, கிழமைதோறும் தவணை கட்ட இயலாது தவித்தனர். வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் அத்தகைய கடன்களில் ஒரு பகுதியை 2018ஆம் ஆண்டில் அரசாங்கம் தள்ளுபடி செய்யும் அளவுக்கு அத்துயரம் வெளிப்பட்டது. நஞ்சைத் தடைசெய்யச் சட்டம் உண்டு. தனிமையைத் தடைசெய்யச் சட்டம் இயற்ற இயலாது. அவ்வேலையை ஊர்தான் செய்யவேண்டும்.

ஊர் செய்யத்தக்கவை யாவை? சிலவற்றைச் சொல்லுகின்றேன்.

ஒருவர் வழக்கத்துக்கு மாறாக ஒதுங்கினால், உறக்கமின்றித் தவித்தால், ‘இனி எனக்கு என்ன இருக்கின்றது’ என்று அடிக்கடி சொன்னால், அவரிடம் தனிமையில் அமர்ந்து நேரே கேட்கலாம். சாகும் எண்ணம் வருகின்றதா என்று கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் ஆதாரமற்றது. கேட்பதால் எண்ணம் புதிதாய்ப் பிறப்பதில்லை. பாரம் சற்று இறங்குகின்றது. கேட்டபின் உபதேசம் வேண்டியதில்லை; பொறுமையாகச் செவிமடுத்தலே போதும். அவரை அந்நேரம் தனியே விடாது, உறவினர் ஒருவரையோ வைத்தியரையோ நாடச் செய்தல் வேண்டும்.

உயிர் தப்பி வீடு திரும்பியவரை நாம் நடத்தும் முறை அதைவிட முக்கியமானது. குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய் என்று ஏசுவதும், அயலவர் காதில் விழக் கேலி பேசுவதும், அவருக்கு வரும் கலியாணப் பேச்சை அதன் பொருட்டுக் குலைப்பதும் நம்மிடையே உள்ள வழக்கங்கள். முன்னர் ஒரு முறை முயன்றவருக்கே மறுபடி ஆபத்து நேரும் வாய்ப்பு அதிகம் என்பதை வைத்தியர்கள் அறிவர். ஆகவே அவர் திரும்பி வந்த முதற் சில மாதங்களில் ஒரு தாயின் பொறுமையும் ஒரு நண்பனின் வருகையும், அவர் உட்கொள்ளும் மருந்தைப் போலவே பயன் தரும். காய்ச்சலிலிருந்து மீண்டவரைக் காண எவ்வாறு செல்கின்றோமோ, அவ்வாறே அவரையும் காணச் செல்வோமாக.

விவசாய மருந்துக் கடைக்காரரும் இதில் ஒரு காவலர். வயல் இல்லாதவர், அல்லது கலங்கிய கண்ணோடும் மது நாற்றத்தோடும் வந்தவர், நாசினி கேட்டால், இன்று இல்லை, நாளை வாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டு வீட்டாருக்கு அறிவித்தல் அவரால் இயலும். ஓர் இரவு கழிந்தால் ஓர் உயிர் தப்பக்கூடும். பத்திரிகையாளரும் இத்தகைய மரணங்களைப் படத்தோடும் செய்முறை விவரத்தோடும் வெளியிடாதிருத்தல் வேண்டும். அத்தகைய செய்திகள் கலங்கிய மனத்தை இழுத்துச் செல்கின்றன. கிராமந்தோறும் செல்லும் குடும்ப நல உத்தியோகத்தர், பாடசாலை ஆசிரியர், கோயிற் குருக்கள், பங்குத் தந்தை, பள்ளிவாசல் மௌலவி, சனசமூக நிலையத்து இளைஞர் ஆகிய அனைவருக்கும் இவ்வேலையில் இடமுண்டு.

துன்பத்தில் இருப்பவர் எவரேனும் இதனைக் கேட்டுக்கொண்டிருத்தல் கூடும். அவருக்கு ஒன்று சொல்லுவேன். தேசிய மனநல நிறுவகம் நடத்தும் தொலைபேசிச் சேவைக்கு 1926 என்னும் இலக்கத்தில் அழைக்கலாம். 1974ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் இயங்கிவரும் சுமித்ரயோ நிறுவனத்தினரும் பெயரையோ ஊரையோ வற்புறுத்திக் கேளாது, சொல்வதைச் செவிமடுப்பர். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கு நேரே சென்றும் உதவி கேட்கலாம். இப்பொழுது தாங்க முடியாததாகத் தோன்றும் வேளை கடந்துபோகும். அதனைக் கடந்து வந்தவர்கள் இந்நாட்டில் ஆயிரமாயிரம்.

மற்றைய நேயர்களுக்குச் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. இந்நாட்டில் இத்தனை உயிர்கள் தப்பியது, சிலர் மரணக் கணக்கை ஒளியாது எழுதி, விதியென்று விட்டுவிடாது ஆராய்ந்து, செய்யத்தக்கதைச் செய்தமையினாலேயே. அக்கணக்கில் எஞ்சியுள்ள 3,000 பேரில் ஒருவர் நம் ஒழுங்கையிலேயே இருத்தல் கூடும். இன்று மாலை அவருடைய படலையைத் திறந்து உள்ளே சென்று, சுகமா என்று கேட்பது நம்மால் ஆகும் காரியம்.